சனிக்கிழமை மஞ்சள்

கானாங்கெளுத்தியின் கழுத்தை உடைக்கப் பலம் வேண்டாம், பழக்கம் போதும். கட்டைவிரலைச் செவுளுக்குக் கீழே கொடுத்து, உள்ளங்கையால் தலையை ஒரு அழுத்து அழுத்தினால் டக்கென்று மடங்கிவிடும். மடங்கினால்தான் வட்ட மூங்கில் தட்டில் மூன்று மீன் அடங்கும். தாய்லாந்தின் மெக்லோங்கில் ஐம்பது வருஷமாகத் தட்டின் அளவு மாறவில்லை. மீன்தான் மாறிவிட்டது. கோடையில் வளைகுடாவில் வலை போடத் தடை என்பதால், இப்போது வருவதெல்லாம் இந்தோனேசியாவிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிற மீன். அதை உப்புத்தண்ணீரில் அவித்து, மெக்லோங் மீன் என்று காகிதம் ஒட்டி அனுப்புகிறார்கள். தட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவன் எவன் இருக்கிறான் என்று பூன்மா தினமும் ஒருதரம் திட்டுவாள். திட்டிக்கொண்டே அடுத்த கழுத்தை உடைப்பாள்.

அவளுக்கு அறுபத்தெட்டு வயது. விடிகாலை மூன்று மணிக்கே மீன் அவிக்கும் கொட்டகைக்கு வந்துவிடுவாள். கழுத்தில் கயிறு கட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் போன் தொங்கும். உப்பும் செதிலும் அப்பிய விரல் பட்டால் அது வேலை செய்யாது, அதனால் நடுவிரல் முட்டியை மடக்கித் தட்டுவாள். கொப்பரை ஆவியில் உறை எப்போதும் வேர்த்துப் போய்த்தான் இருக்கும். உள்ளே இருப்பது எழுத்தா படமா என்று பார்க்கிற மாதிரி அது இருந்ததே இல்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. ஆறு பத்துக்கு போன் டிங்கென்றது.

"உங்க அக்கா பூ அனுப்பியாச்சு போல" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த உபோன். அவளுக்கு ஐம்பது வயது. கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம்.

"கடிகாரம் நின்னாலும் லம்யாய் அக்கா நிக்காது" என்று சொல்லிக்கொண்டே பூன்மா முட்டியால் மூன்று தட்டு தட்டினாள். ஒன்று வந்த படத்தைத் தொட, ஒன்று அனுப்ப, ஒன்று குடும்பக் குழுவைத் தேர்ந்தெடுக்க. மூன்று தட்டில் பாங்காக்கில் இருக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அக்கா தங்கை பிள்ளைகளுக்கும், ஒன்பது பேருக்குக் காலை வணக்கம் போய்ச் சேர்ந்தது. சேர்ந்ததற்கு அடையாளமாகப் பக்கத்தில் ஒரு எண் ஏறும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கு அந்த எண்தான் கணக்கு. ஏழு மணிக்குள் ஒன்பது வந்துவிடும்.

"பாத்தியா, என் பிள்ளைங்க ஒண்ணு விடாம பாக்குதுங்க" என்று அவள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு உபோனுக்குக் காது புளித்திருந்தது.

"பாத்து என்னக்கா பண்ணுதுங்க? என் மருமக சொல்றா, படிக்காத சேதிக்குச் சிவப்புப் புள்ளி நின்னா அவளுக்கு அரிக்குதாம். அதை அழிக்கத்தான் தொறக்கறாளாம்."

"உன் மருமக அப்படி. என் மகன் பதிலுக்குக் கைகூப்பி பொம்மை போடுவான்."

"தினம் அதே பொம்மைதானே?"

"வாயை மூடிட்டு மீனைப் பாரு. தட்டுல ரெண்டுதான் இருக்கு."

திங்கள் மஞ்சள், செவ்வாய் இளஞ்சிவப்பு, புதன் பச்சை, வியாழன் ஆரஞ்சு, வெள்ளி நீலம், சனி ஊதா, ஞாயிறு சிவப்பு. இந்த ஊரில் பேச்சு வராத பிள்ளைக்கும் இது தெரியும். வயதானவர்கள் கையில் போன் வந்த நாளிலிருந்து, கிழமைக்கு ஏற்ற நிறத்தில் ஒரு பூவும் அதன் மேல் ஒரு வாழ்த்தும் இல்லாமல் பொழுது விடிவதில்லை. மற்றவர்கள் எங்கிருந்தோ வந்த படத்தை எங்கேயோ தள்ளுவார்கள். லம்யாய் அப்படிச் செய்கிறவள் இல்லை. தன் வீட்டைச் சுற்றியுள்ள செடியில் தானே படம் எடுத்து, தன் குடும்பக் குழுவுக்கும் தனியாகப் பூன்மாவுக்கும் அனுப்புவாள். திங்களுக்குச் சரக்கொன்றை, செவ்வாய்க்கு அல்லி, வியாழனுக்குத் துலுக்கச் சாமந்தி, வெள்ளிக்குச் சங்குப்பூ, சனிக்கு ஊதா எருக்கு, ஞாயிறுக்குச் செம்பருத்தி. புதனுக்குப் பச்சைப் பூ கிடைக்காமல் வெற்றிலையை விசிறி மாதிரி அடுக்கி எடுத்து அனுப்புவாள். "ஊரை ஏமாத்தறியேக்கா" என்று பூன்மா கிண்டல் செய்தால், "வெத்தலையும் பூவும் எனக்கு ஒண்ணுதாண்டி, ரெண்டுமே சாமிக்கு ஆகுது" என்பாள்.

லம்யாய்க்கு எழுபத்திமூன்று, கூடப் பிறக்காத அக்கா. இதே கொட்டகையில் முப்பது வருஷம் பூன்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்து உடைத்தவள். முட்டி தேய்ந்து மடக்க முடியாமல் போனதும் வீட்டோடு இருந்துவிட்டாள். கால்வாய்க்கு அந்தப் பக்கம், தண்ணீரோரமாகப் பழைய மரவீடு. அதற்கு முன்னால் சாலையைப் பார்த்து மகள் டேங் கட்டிய சிமெண்ட் வீடும் கடையும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் முப்பது அடி இருந்தால் அதிகம். டேங் கடையை விட்டு நகர மாட்டாள். அவள் புருஷன் தினமும் சாயங்காலம் அம்மா வீட்டு வாசலில் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு, பழைய டப்பாவை எடுத்துக்கொண்டு வருவான். உள்ளே போவதில்லை. மாமியார் தூங்குவார்களாம்.

சனிக்கிழமைதோறும், கிழிந்து விற்பனைக்கு ஆகாத மீனை வேலைக்காரர்களுக்குப் பங்கு வைப்பார் முதலாளி. பூன்மா தன் பங்கில் பாதியை லம்யாய்க்குக் கொண்டுபோவாள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான். மற்ற நாள் ஒன்பது மணிக்கு வேலை முடிந்தால் இடுப்பு நிமிராது, வீட்டில் போய்ப் படுத்துவிடுவாள். அன்றைக்கு அடுப்பு சீக்கிரம் அணைந்ததால் எட்டரைக்கே கிளம்பினாள். வெயில் அதற்குள் தகரக் கூரையெல்லாம் ஏறியிருந்தது. வற்றிப்போன கால்வாயில் சேறு வெடித்துக் கிடந்தது, நாற்றம் குப்பென்று அடித்தது. மரப்பாலத்தைத் தாண்டி வாசலுக்கு வந்தாள்.

வாசலில் டப்பா இருந்தது. திறக்காத டப்பா. மூடிக்கு மேலே எறும்பு வரிசை. படிக்குக் கீழே, சுவரோரம், இன்னும் மூன்று டப்பா. ஒன்றின் மூடி சரிந்து, வெந்த சோறு பச்சையாகப் பூத்து, அதில் ஈ மொய்த்துக் கிடந்தது. பழைய டப்பாவை எடுக்கக்கூட அந்த ஆள் குனியவில்லை, காலால் தள்ளிவிட்டுப் புதிதை வைத்திருக்கிறான் என்று பூன்மாவுக்குப் புரிந்தது.

"அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனாள்.

லம்யாய் ஜன்னலுக்குக் கீழே தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை செத்த கையாக அடியில் மாட்டியிருந்தது, இடது கையில் சார்ஜர் வயரோடு போன் இருந்தது, பக்கத்தில் காலித் தண்ணீர் பாட்டில். கண் திறந்திருந்தது. பூன்மாவைப் பார்த்து ஏதோ சொன்னாள். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. கைலி நனைந்து காய்ந்து மறுபடி நனைந்திருந்தது.

பூன்மா போட்ட கூச்சலில் டேங் கடையை விட்டு ஓடி வந்தாள். தொண்டு நிறுவன ஆம்புலன்ஸ் பையன்கள் பத்து நிமிஷத்தில் வந்து தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி வரிசை. பூன்மா உட்காரவில்லை. மீன் வாடையோடு நின்றுகொண்டே டேங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"முப்பது அடி. உன் கடையிலேர்ந்து உங்கம்மா வாசலுக்கு முப்பது அடி. எட்டிப் பாக்க உனக்குக் கால் இல்லியா?"

"சித்தி, கடையில ஆள் இல்ல சித்தி..."

"டப்பாவுல எறும்பு ஊறுது. சோறு பூத்துப் போய்க் கெடக்கு. உன் புருஷன் அதைக் காலால தள்ளிட்டுப் புது டப்பா வச்சிருக்கான். நாய்க்கு வச்சாக்கூட அது தின்னுச்சான்னு நின்னு பாப்பாங்க."

"எனக்குத் தெரியாது சித்தி. அவரு சொல்லல. சோறு பிடிக்கலன்னா அம்மா தொறக்காமலே விட்டுடுவாங்க. அம்மாதான் தெனம் காலைல பூ அனுப்பறாங்களே. இன்னிக்குக்கூட வந்துச்சு. பூ வந்துச்சுன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். வெளியூர்ல இருக்கற எங்க அண்ணனும் அப்படித்தான் சொல்லுவாரு, அம்மா பூ வந்தாச்சு, கவலை இல்லைன்னு."

"பூ வந்தா போதுமா? பெத்தவளைப் பாக்க வேணாமா? பதிமூணு பேரு இருக்கீங்க உங்க குடும்பக் குழுவுல. பதிமூணு கண்ணும் குருடா? எனக்குச் சொல்லவே கூசுது. தூ."

டேங் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று பூன்மாவுக்கு இருந்தது. திட்டத் திட்ட அவளுக்கு ஒரு தெம்பு வந்தது. தன் பிள்ளைகள் இப்படி இல்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் கூடவே வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் பெண் வெளியே வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. தூக்கமில்லாத கண்.

"லம்யாய் அம்மாவோட ஆளுங்க யாரு? சீக்கிரம் ஒண்ணு சொல்லணும். மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கு. ஆனா அடைச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு மேல போனா அந்த ஊசியே மூளையில ரத்தம் கசிய வச்சு ஆளைக் கொன்னுடும். கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?"

டேங் கண்ணைத் துடைத்தாள். "இன்னிக்குக் காலைல ஆறு பத்துக்கு நல்லா இருந்தாங்க டாக்டர்."

"நீங்க பாத்தீங்களா?"

"பூ அனுப்புனாங்க. இதோ." போனை நீட்டினாள். டாக்டர் படத்துக்குக் கீழே இருந்த நேரத்தை மட்டும் பார்த்தாள். ஆறு பத்து. சுவரில் கடிகாரம் ஒன்பது நாற்பது காட்டியது.

"ஸ்கேன்ல ஒரு இடம் எனக்குச் சந்தேகமா இருக்கு, பழைய அடைப்பு மாதிரி. ஆனா போன்ல படம் தேடி அனுப்பற அளவுக்கு இருந்தாங்கன்னா, நல்லாத்தான் இருந்திருக்கணும். ஒரு மணி நேரம் இருக்கு. கையெழுத்துப் போடுங்க, ஊசி போட்டுடலாம்."

"எனக்கும் வந்துச்சு டாக்டர்" என்றாள் பூன்மா. சாட்சி சொல்ல நான் இருக்கிறேன் என்கிற தோரணையில், கழுத்துக் கயிற்றைக் கழற்றி, போனை உறையிலிருந்து வெளியே எடுத்தாள். ஆவி இல்லாத வெளிச்சத்தில், உலர்ந்த கண்ணாடியில், அந்த வாரத்தில் முதல்முறையாக அக்காவின் பூவைப் பார்த்தாள்.

மஞ்சள்.

சரக்கொன்றை. படத்தின் மூலையில் லம்யாய் வீட்டுப் படிக்கட்டும், தண்ணீர் பிடிக்கிற நீல பீப்பாயும். மேலே எழுதியிருந்தது, 'திங்கள் வணக்கம். எல்லாரும் நோயில்லாமல் இருங்கள்.'

பூன்மா விரலால் மேலே தள்ளினாள். வெள்ளிக்கிழமை, அதே கொன்றை. வியாழன், அதே. புதனுக்கு வெற்றிலை இல்லை, கொன்றை. செவ்வாய், கொன்றை. அதற்கு மேலே திங்கள், அன்றைக்கு அது சரியான பூ. அதற்கும் மேலே ஞாயிற்றுக்கிழமைச் செம்பருத்தி.

செவ்வாய்க்கிழமையே அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது. வெளியே போய்ப் படம் எடுக்க முடியவில்லை. கிழமை தெரியவில்லை. பழக்கத்தில் கை மட்டும் போய், இருந்த ஒரே படத்தை நாளுக்கு ஒருதரம் தள்ளியிருக்கிறது. ஐந்து நாள் அவள் பதினாலு பேரிடம் கத்தியிருக்கிறாள், பதினாலு பேரும் புள்ளியை அழித்திருக்கிறார்கள். பதிமூன்று பேர் அந்தக் குழுவில். பதினாலாவது ஆள் இங்கே மீன் நாற்றத்தோடு நின்று மற்றவர்களைக் காறித் துப்பிக்கொண்டிருக்கிறாள்.

பூன்மா தன் குடும்பக் குழுவைத் திறந்தாள். அங்கேயும் செவ்வாயிலிருந்து ஐந்து கொன்றை. அவள் பெயரில் போனவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒன்பது என்ற எண். இன்றைய கொன்றைக்குக் கீழே மகன் போட்ட கைகூப்பி பொம்மையும், 'அழகான பூ அம்மா' என்ற வரியும் இருந்தன.

டேங் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிவிட்டாள்.

பூன்மா வாயைத் திறந்தால் போனைக் காட்ட வேண்டும். காட்டினால் வரிசை முழுக்க, இப்போது அவள் துப்பியதைப் பார்த்த அத்தனை பேரும், அவளைத்தான் பார்ப்பார்கள். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது, டேங் கடைசிவரை குற்றவாளியாக இருப்பாள். அப்படி ஒரு நினைப்பு தனக்குள் எழுந்ததே என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"போடாதடி" என்றாள். "டாக்டர், போடாதீங்க. அந்தப் பூ தப்பு."

"என்ன தப்பு?"

"இன்னிக்கு சனி. ஊதா வரணும். மஞ்சள் வந்திருக்கு. செவ்வாயிலேர்ந்து மஞ்சள்தான் வந்திருக்கு. இதோ பாருங்க. எங்கக்கா செத்தாலும் கிழமை மாத்தி அனுப்பாது. அதுக்குச் செவ்வாயே அடைச்சிடுச்சு. இன்னிக்கு இல்ல."

டாக்டர் போனை வாங்கினாள். மேலே தள்ளிக் கீழே தள்ளிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. தானும் ஆறு பத்து என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பூவைப் பார்க்காமல் விட்டது அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"அந்த இடம் பழசுதான் அப்போ" என்றாள் மெதுவாக. "ஊசி வேணாம். போட்டிருந்தா இங்கேயே முடிஞ்சிருக்கும். வேற வழி பாக்கறேன்."

"பிழைச்சிருவாங்களா?" என்று டேங் கேட்டாள்.

"உயிருக்குப் பாக்கறேன்மா. பேச்சும் கையும் வர்றது கஷ்டம். செவ்வாய்க்கிழமையே கொண்டுவந்திருந்தா வந்திருக்கும்." பூன்மாவிடம் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இதெல்லாம் அன்னன்னிக்கே நீங்க உங்க வீட்டாளுங்களுக்கும் அனுப்பியிருக்கீங்க. எப்ப கவனிச்சீங்க?"

"இப்பத்தான்."

கதவு மூடியது. டேங் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே பூன்மாவைப் பார்த்தாள். அழுகை நின்றிருந்தது.

"நீங்களும் பாக்கலியா சித்தி?"

பூன்மா போனை உறைக்குள் திணித்தாள்.

"மீன் வேலையில உறை வேர்த்திருக்கும், தெரிஞ்சிருக்காது. விடுங்க" என்றாள் டேங். அந்தப் பெண் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சமாதானம் சொன்னாள். அதுதான் பூன்மாவால் தாங்க முடியவில்லை.

"உறை மேல பழி போடாத. பாலத்தைத் தாண்டினா உங்கம்மா வீடு. நான் தாண்டல. மூணு தட்டு தட்டி எம்பிள்ளைங்களுக்கு அனுப்பிட்டு, பாசம் காட்டியாச்சுன்னு உக்காந்திருந்தேன். நீ துப்புடி. நான் உன்னைத் துப்புனேன்ல."

டேங் துப்பவில்லை. நகர்ந்து பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். இருவரும் மதியம்வரை உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் எவனோ விற்ற வறுத்த நூடுல்ஸ் பொட்டலத்தை டேங் வாங்கி வந்து கொடுத்தாள். பூன்மா இரண்டு வாய் தின்றாள். மூடி வைத்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. லம்யாய் உயிரோடுதான் இருந்தாள், கண் மட்டும் வருகிறவர்கள் பின்னால் போனது. பூன்மா எப்போதும்போல மூன்று மணிக்குக் கொட்டகையில் உட்கார்ந்து கழுத்து உடைத்தாள். யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. ஆறு பத்து ஆயிற்று, ஏழு ஆயிற்று. இன்றைக்குப் பூ வரவில்லையே என்று மகன் கேட்பான் என்று மனதில் ஒரு ஓரத்தில் இருந்தது. கேட்கவில்லை. மற்ற எட்டுப் பேரும் கேட்கவில்லை. அழிக்கப் புள்ளி இல்லாததால் அவர்களுக்குக் காலை இன்னும் சுகமாக விடிந்திருக்கும்.

"பிள்ளைங்களுக்குச் சொன்னியாக்கா, லம்யாய் அக்கா விஷயத்தை?" என்று உபோன் கேட்டாள்.

"நேத்தே எழுதினேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒன்பது பேரும் பாத்தாச்சு. ஆறு கைகூப்பி பொம்மை."

உபோன் தலையைக் குனிந்து மீனை எடுத்தாள்.

ஏழே காலுக்கு போன் டிங்கென்றது. பூன்மாவின் முட்டி தானாக மடங்கி உறை மேல் போய் நின்றது. முதல் தட்டு விழுந்தே விட்டது. கையை இழுத்துக்கொண்டு, எழுந்து கொட்டகைக்கு வெளியே வெளிச்சத்துக்கு வந்து, உறையைக் கழற்றிப் பார்த்தாள்.

பக்கத்து ஊரான அம்பாவாவில் இருக்கும் அத்தை மகள் தோங்பாய் அனுப்பியிருந்தாள். மஞ்சள் சரக்கொன்றை. மூலையில் படிக்கட்டு, நீல பீப்பாய். எல்லாரும் நோயில்லாமல் இருங்கள்.

பூன்மா அனுப்பியதுதான். மகனிடமிருந்தோ மருமகளிடமிருந்தோ கிளம்பி, மருமகளின் அம்மாவுக்கோ அவர்கள் கோயில் குழுவுக்கோ போய், எத்தனை கை மாறியதோ, ஊரைச் சுற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறது. வாய் இழுத்துத் தரையில் கிடந்தவள் அனுப்பிய பூ. அதற்கு எத்தனை கைகூப்பி பொம்மை விழுந்திருக்கும்? வேலியோரம் போய் நின்று நிதானித்துக்கொண்டாள்.

பிறகு கைலியில் கையை நன்றாகத் துடைத்து, செதிலைச் சுரண்டி எறிந்துவிட்டு, வெறும் விரலால் தோங்பாயின் எண்ணைத் தேடி அழுத்தினாள். கடைசியாக அவளோடு பேசி இரண்டு வருஷம் இருக்கும். தினமும் பூ மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது.

நீளமாக மணி அடித்த பிறகு தோங்பாய் எடுத்தாள். பின்னால் தொலைக்காட்சி ஓடுகிற சத்தம். "பூன்மாவா?" என்ற குரல் நடுங்கியது.

"நான்தாண்டி. உடம்பு எப்படி இருக்கு உனக்கு?"

அந்தப் பக்கம் தொலைக்காட்சியை அணைத்தார்கள்.

"ஏன் போன் பண்ற? யாரு செத்துட்டாங்க?"

"இன்னும் யாரும் சாகல" என்றாள் பூன்மா.